டெங்கு வைரஸ் கொசுவுக்குள் கழிக்கும் நாட்கள்

கேள்வி இது: "டெங்கு நோயாளியைக் கடித்த கொசு பறந்து வந்து உடனே என்னைக் கடித்தால் எனக்கு டெங்கு வருமா? வராது என்றால் அத்தனை நாள் வைரஸ் கொசுவுக்குள் என்ன செய்கிறது? கொசுவுக்கு நோய் வராதா? இதையெல்லாம் ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? விலங்கியல் முதுகலை படிக்கிறேன். இந்தத் துறைக்கு வரலாமா?"

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: அநேகமாக வராது. டெங்குவை முக்கியமாகப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி இனத்தின் பெண் கொசு ஒரு தடவை குடிக்கும் ரத்தம் இரண்டு, மூன்று மைக்ரோலிட்டர்தான். அதோடு சேர்ந்து போகும் வைரஸ் கொசுவின் நடுக்குடலில் போய் விழுகிறது. அடுத்த ஆளைக் கடிக்கும்போது கொசு நம் தோலுக்குள் விடுவதோ உமிழ்நீரை. குடலுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் நடுவே குழாய் எதுவும் கிடையாது. குடல் சுவரைத் துளைத்து, உடல் முழுக்கப் பரவி, சுரப்பிக்குள் நுழைந்து, அங்கே பெருகி, உமிழ்நீரில் வந்து சேர்ந்தால்தான் அந்தக் கொசு ஆபத்தானது. டெங்கு வைரஸுக்கு இதற்குச் சாதாரணமாக 8 முதல் 12 நாள் பிடிக்கும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கொசு பரப்பும் வைரஸ்களை ஆராயும் எங்கள் துறையின் முக்கால்வாசிக் கேள்விகள் இந்த நாட்களுக்குள்தான் இருக்கின்றன. அவை எதனால் குறைகின்றன, எதனால் கூடுகின்றன, வைரஸ் பாதி வழியில் எங்கே நின்றுபோகிறது என்பதுதான் எங்கள் வேலை.

இந்தக் காத்திருப்பு நாட்களைக் கவனிக்காததால் ஒரு பெரிய உண்மை இருபது வருடம் ஒத்துக்கொள்ளப்படாமலேயே கிடந்திருக்கிறது. மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர் கியூபாவில் 1881-லேயே சொன்னார். எந்தக் கொசு என்பதையும் சரியாகவே சொன்னார். இன்று நாம் ஏடிஸ் எஜிப்டி என்கிறோமே, அதேதான். ஆனால் அவர் செய்து காட்டிய சோதனைகள் யாரையும் நம்ப வைக்கவில்லை. நோயாளியைக் கடித்த கொசுவை ஒருசில நாட்களிலேயே அடுத்த ஆளைக் கடிக்க விட்டார். வைரஸ் அதற்குள் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. 1898-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்ற மருத்துவர் தனித்தனிப் பண்ணை வீடுகளில் நோய் வந்த தேதிகளைக் குறித்துக்கொண்டே வந்தார். ஒரு வீட்டில் முதல் ஆள் படுத்ததற்கும், அதே வீட்டில் அடுத்தவர்கள் படுத்ததற்கும் நடுவே இரண்டு, மூன்று வாரம் இடைவெளி இருந்தது. நோய்க்கிருமி அந்த இடைவெளியில் மனித உடம்புக்கு வெளியே எங்கோ பக்குவப்படுகிறது என்று அவர் கணித்தார். 1900-ல் கியூபாவுக்குப் போன அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. ஆகஸ்ட் 27 அன்று, 12 நாட்களுக்கு முன் ஒரு நோயாளியைக் கடித்திருந்த கொசுவுக்கு ஜேம்ஸ் கரோல் தன் கையையே நீட்டினார். காய்ச்சல் வந்து சாவின் விளிம்பு வரை போய்த் தப்பினார். அதே குழுவின் ஜெஸ்ஸி லேசியர் அடுத்த மாதம் மஞ்சள் காய்ச்சலிலேயே இறந்துபோனார். கொசுவுக்குள் எத்தனை நாள் என்ற கேள்விக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். இந்தப் பாடத்தை எடுக்கும்போது நான் இவர்களைச் சொல்லாமல் தொடங்குவதில்லை.

சரி, வைரஸ் போகும் வழிக்கு வருவோம். குடித்த ரத்தத்தைச் சுற்றிக் கொசுவின் குடலில் சில மணி நேரத்தில் ஒரு மெல்லிய சவ்வு உருவாகத் தொடங்கும். செரிக்க வைக்கும் நொதிகளும் சுரக்கும். அதற்குள் வைரஸ் குடல் சுவரின் செல்களுக்குள் புகுந்துவிட வேண்டும். எச்.ஐ.வி. கொசுவால் பரவாததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கொசுவின் செல்களில் அதற்குப் பிடிமானம் எதுவும் இல்லை. ரத்தத்தோடு அதுவும் செரித்துப்போகிறது. டெங்கு வைரஸ் உள்ளே புகுந்துகொள்ளும். புகுந்து பெருகிய பிறகும் வெளியேறுவது எளிதில்லை. குடல் செல்களுக்கு வெளிப்புறம் ஓர் உறை இருக்கிறது. வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். உறையின் இயல்பான துளைகள் அதைவிடச் சிறியவை. பல கொசுக்களில் வைரஸ் குடலோடு நின்றுவிடுவது இதனால்தான். தாண்டிவிட்டால் கொழுப்புத் திசு, மூச்சுக்குழல்கள் என்று பரவி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழையும். நுழைந்த வைரஸ் எல்லாமே உமிழ்நீரில் இறங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆக, நுழைய ஒரு தடை, வெளியேற ஒரு தடை என்று குடலில் இரண்டு, சுரப்பியில் இரண்டு. ஒரே ஊரில், ஒரே இனக் கொசுக்களில் சில வைரஸைப் பரப்பும், சில பரப்பாது. இந்த நான்கு தடைகளில் எது எந்தக் கொசுவிடம் பலமாக இருக்கிறது என்பதுதான் அந்த வித்தியாசம்.

ஆய்வகத்தில் இதை எப்படிப் பார்க்கிறோம்? கொசுவுக்கு முதலில் சர்க்கரைத் தண்ணீரை நிறுத்திப் பசியோடு வைப்போம். வைரஸ் கலந்த ரத்தத்தை உடல் சூட்டுக்கு, அதாவது 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப்புறம் வைப்போம். சவ்வுக்குப் பன்றிக் குடலைப் பயன்படுத்துபவர்களும் உண்டு, பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தை இழுத்துக் கட்டுபவர்களும் உண்டு. வயிறு நிறையக் குடித்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து, கதவுக்கு மேல் கதவு, வலைக்கு மேல் வலை என்று பூட்டப்பட்ட அறையில் வளர்ப்போம். ஒரு கொசு கணக்கில் குறைந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் வரை வேறு வேலை நடக்காது.

குறித்த நாளில் கொசுவைப் பனிக்கட்டி மேல் வைத்து மயங்கச் செய்து, காலையும் இறக்கையையும் எடுத்துவிடுவோம். உடலை ஒட்டும் டேப்பில் பதித்து, நீண்ட ஊசிபோன்ற வாயை மட்டும் ஒரு நுண்குழாய்க்குள் மெல்ல நுழைப்போம். குழாயில் சீரமும் சர்க்கரையும் கலந்த சிறு துளி இருக்கும். அரை மணி நேரம் போல அப்படியே விட்டால் கொசு அதற்குள் உமிழும். எண்ணெய் நிரப்பிய குழாயாக இருந்தால் நுண்ணோக்கியில் உமிழ்நீர் குட்டிக் குமிழியாக வெளிவருவது தெரியும். அளவு நானோலிட்டர் கணக்கில்தான். அதற்குள் உயிருள்ள வைரஸ் இருக்கிறதா என்பதுதான் முழுச் சோதனையும் காத்திருக்கும் பதில். உடலில் வைரஸ் இருந்தால் குடலில் தொற்றியிருக்கிறது. காலிலும் இறக்கையிலும் இருந்தால் குடலைத் தாண்டிப் பரவியிருக்கிறது. உமிழ்நீரில் இருந்தால் அடுத்தவருக்குக் கொடுக்கும். ஒவ்வொரு கொசுவுக்கும் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம். "இந்தக் கொசுவில் டெங்கு வைரஸ் இருந்தது" என்று செய்தித்தாளில் வரும்போது மூன்றில் எது என்று கேளுங்கள். பிடித்த கொசுவை முழுசாக அரைத்து, வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை செய்திருந்தால், அது நேற்றுக் குடித்த ரத்தத்தில் இருந்த வைரஸாகக்கூட இருக்கலாம்.

இப்போது நாட்களின் கணக்கு. ஒரு கொசு ஒவ்வொரு நாளையும் உயிரோடு கடக்க 80 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். வைரஸுக்கு 12 நாள் தேவைப்பட்டால், 100 கொசுவில் சுமார் 7தான் அந்த நாள் வரை உயிரோடு இருக்கும். 7 நாள் போதும் என்றால் 21 கொசு இருக்கும். ஐந்து நாள் குறைந்ததில் ஆபத்தான கொசுக்கள் மூன்று மடங்கு. இந்த 12-ஐயும் 7-ஐயும் நான் சும்மா எடுக்கவில்லை. பாங்காக் கொசுக்களை வைத்து 1987-ல் வெளிவந்த ஆய்வில், டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் ஒன்றான டெங்கு-2-க்கு 30 டிகிரியில் 12 நாள் ஆயிற்று. 32, 35 டிகிரிகளில் 7 நாள்தான். இரண்டு டிகிரிக்கு இவ்வளவு. ஆனால் வெயில் ஏற ஏற டெங்கு கூடும் என்று நேராகக் கோடு போட்டுவிடாதீர்கள். கடும் வெப்பத்தில் கொசுவும் சீக்கிரம் சாகும். அதோடு, ஆய்வக அறையில் ராத்திரி பகல் ஒரே வெப்பம், வெளியே அப்படியா? 2011-ல் தாய்லாந்து நிலவரத்தை ஒட்டிச் செய்த சோதனையில் சராசரியை 26 டிகிரியிலேயே வைத்து, பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் மாற்றினார்கள். 20 டிகிரி வித்தியாசத்தில் வளர்ந்த கொசுக்கள், 10 டிகிரி வித்தியாசத்தில் இருந்தவற்றைவிடக் குறைவாகவே தொற்றுக்கு ஆளாயின, சீக்கிரமும் செத்தன. சராசரி ஒன்றுதான், விளைவு வேறு.

ஆய்வகப் பழக்கம் உண்மையை மறைத்த இன்னொரு இடத்தைச் சொல்கிறேன். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஆய்வு இது. பல காலமாகச் சோதனைகளில் கொசுவுக்கு ஒரே ஒரு தடவைதான் ரத்தம் கொடுத்துவந்தோம். வைரஸ் கலந்த ரத்தம், அப்புறம் கடைசி வரை சர்க்கரைத் தண்ணீர். வீட்டில் திரியும் ஏடிஸ் அப்படி வாழ்வதில்லை. முட்டையிடும் ஒரு சுற்றுக்குள்ளேயே பல முறை கடிக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பிலிப் ஆர்ம்ஸ்ட்ராங், டக் பிராக்னி ஆகியோரின் குழு, வைரஸ் கொடுத்த சில நாளில் கொசுவுக்கு இன்னொரு முறை ரத்தம் கொடுத்துப் பார்த்தது. இரண்டாவது ரத்தத்தில் வைரஸே கிடையாது. இருந்தும் வைரஸ் குடலைவிட்டு முன்னதாகவே வெளியேறிப் பரவிவிட்டது. காரணம் ரத்தத்தின் கன அளவு. வயிறு உப்பும்போது குடலின் வெளியுறை இழுபட்டு நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. மேலே நான் சொன்ன 50 நானோமீட்டர் தடை அங்கே தளர்ந்துபோகிறது. டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா மூன்றிலும் இதைக் காட்டி 2020-ல் வெளியிட்டார்கள். 'இந்த இனக் கொசு சரியாகப் பரப்பாது' என்று ஒரே ஒரு ஊட்டலை வைத்து முன்பு எழுதிய முடிவுகளில் எத்தனையைத் திரும்பப் பார்க்க வேண்டுமோ.

கொசுவும் சும்மா இருப்பதில்லை. நம்மைப் போல ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்கள் அதற்கு இல்லை. வேறு ஆயுதம் இருக்கிறது. டெங்கு வைரஸின் மரபுப் பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ., கிட்டத்தட்ட 10,700 எழுத்து நீளம். அது தன்னைப் படியெடுக்கும்போது சிறிது நேரம் இரட்டை இழையாக நிற்க வேண்டியிருக்கிறது. கொசுவின் செல்லில் டைசர்-2 என்ற புரதம் அந்த இரட்டை இழையைக் கண்டுபிடித்து 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்கிவிடும். அந்தத் துண்டை அடையாளமாக வைத்துக்கொண்டு ஆர்கோனாட்-2 என்ற இன்னொரு புரதம் மீதி வைரஸ் இழைகளைத் தேடித் தேடி வெட்டும். சோதனையில் இந்த ஏற்பாட்டைத் தற்காலிகமாக முடக்கினால் கொசுவில் வைரஸ் அதிகமாகிறது, உமிழ்நீருக்கு வரும் நாளும் முன்னால் நகர்கிறது. காத்திருப்பு நாட்களை நீட்டிப் பிடித்திருப்பதில் கொசுவின் சொந்தத் தற்காப்புக்கும் பங்கு இருக்கிறது என்பது இதிலிருந்து தெளிவு.

இங்கே நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. 1967-ல் புனேயில் அன்றைய வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் (இப்போது தேசிய வைரஸ் ஆய்வகம்) கே. ஆர். பி. சிங், ஏடிஸ் எஜிப்டிக்கு உறவினமான ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் புழுக்களிலிருந்து செல்களை எடுத்துக் குடுவையில் நிரந்தரமாக வளர வைத்தார். அதிலிருந்து பிறகு பிரித்தெடுத்த சி6/36 என்ற செல் வகைதான் இன்று உலகம் முழுக்கக் கொசு வைரஸ்களை வளர்க்கப் பயன்படுகிறது. அதில் வைரஸ் ஏன் அவ்வளவு நன்றாக வளர்கிறது? 2010-ல் தெரிய வந்தது: அந்தச் செல்லில் டைசர்-2 ஒழுங்காக வேலை செய்வதில்லை. வைரஸைப் பெருக்க அது அருமையான செல். கொசுவின் தற்காப்பைப் படிக்க அதை நம்பினால் தப்பான பதில்தான் கிடைக்கும். மாணவர்கள் ஆய்வுத் திட்டம் எழுதும்போது முதலில் இதைத்தான் நான் பார்ப்பேன்: எந்தச் செல், எதற்காக?

கொசுவுக்கு நோய் வராதா என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தால் தெரிகிற மாதிரி எதுவும் வராது. ஒரு முறை தொற்றினால் சாகும்வரை வைரஸ் இருக்கும். கொசு பறக்கும், கடிக்கும், முட்டையிடும். சில ஆய்வுகளில் ஆயுளும் முட்டையும் கொஞ்சம் குறைந்தன, சிலவற்றில் பெரிதாக வித்தியாசம் இல்லை. தொற்றிய கொசு ரத்தம் தேடித் தோலில் அதிக நேரம் குத்திக் குத்திப் பார்க்கிறது என்று காட்டிய ஆய்வும் உண்டு. கொசு நோய்ப்பட்டு மூலையில் கிடந்தால் வைரஸுக்குத்தான் நஷ்டம். அது ஓடியாடினால்தான் வைரஸ் அடுத்த ஆளுக்குப் போக முடியும்.

வைரஸ் பக்கம் ஒரு சிறு மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சிக்குன்குனியாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 2005-06-ல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் படுத்துவிட்டார்கள். அங்கே ஏடிஸ் எஜிப்டி குறைவு, ஏடிஸ் அல்போபிக்டஸ்தான் அதிகம். வைரஸின் இ1 என்ற மேலுறைப் புரதத்தில் 226-வது இடத்தில் அலனினுக்குப் பதில் வேலின் வந்திருந்தது. ஒரே ஒரு அமினோ அமிலம். அதனால் அல்போபிக்டஸின் குடலில் தொற்றும் திறன் பல மடங்கு கூடியதை 2007-ல் சோதனையில் நிரூபித்தார்கள். அதே ஆண்டு கேரளத்தில் பரவிய வைரஸிலும் இந்த மாற்றம் இருந்தது. ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்கக் கட்டிய சிரட்டைகளில் மழைத் தண்ணீர் தேங்கி, அல்போபிக்டஸ் அங்கே பெருகிக் கிடந்தது. வைரஸுக்குத் தோதான கொசு, கொசுவுக்குத் தோதான தோட்டம். ஒரு வைரஸை ஒரு கொசுவில் மட்டும் சோதித்துவிட்டு அதே முடிவை எல்லா ஊருக்கும் நீட்ட முடியாது என்பதை நாங்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

இந்த ஆராய்ச்சியால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். வோல்பாக்கியா பாக்டீரியா ஒன்றே போதும் சொல்ல. பழ ஈ முதல் பல பூச்சிகளில் இயற்கையாக வாழும் இது ஏடிஸ் எஜிப்டியில் இயல்பாகக் கிடையாது. ஸ்காட் ஓ'நீல் குழு ஆஸ்திரேலியாவில் இதைக் கொசுவுக்குள் ஏற்றியபோது டெங்கு வைரஸ் அதில் பெருகத் தடுமாறியது. முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும். வோல்பாக்கியா உள்ள ஆணோடு சேரும், அது இல்லாத பெண்ணின் முட்டை பொரிக்காது என்பதால் தானே பரவும். 2011-ல் கெய்ன்ஸ் நகரில் விட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரை 24 பகுதியாகப் பிரித்து, குலுக்கிப் போட்டு 12 பகுதியில் மட்டும் விட்டுப் பார்த்த சோதனை 2021-ல் வெளிவந்தது: டெங்கு 77 சதவீதம் குறைந்தது, மருத்துவமனையில் சேரும் நிலை 86 சதவீதம் குறைந்தது. புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வோல்பாக்கியா கொசுக்களை உள்ளூர் ஏடிஸோடு கலந்து இரண்டு வகைகளை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது. இரண்டு வகை எதற்கு என்றால், பழ ஈயிலிருந்து எடுத்த வோல்பாக்கியா கடும் வெப்பத்தில் புழுப் பருவத்திலேயே குறைந்துபோகும். அல்போபிக்டஸிலிருந்து எடுத்தது வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். மொட்டைமாடி டிரம்மில் மே மாதம் வளரும் புழுவை நினைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

குடல் பாக்டீரியா பக்கமும் வேகமாக வேலை நடக்கிறது. சீனாவின் யுன்னான் பகுதிக் கொசுக்களின் குடலில் இருக்கும் ஒரு ரோசன்பெர்கியெல்லா பாக்டீரியா, குடலை அமிலமாக்கி டெங்கு, ஜிகா வைரஸ்களைச் செயலிழக்க வைப்பதாக 2024-ல் காட்டியிருக்கிறார்கள். இதை ஊரில் எப்படிப் பயன்படுத்துவது என்பது இனிமேல்தான்.

கடைசியாக உங்கள் படிப்பு. தாராளமாக வாருங்கள். புதுச்சேரி மையத்திலேயே பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. விலங்கியல் முதுகலையை முடித்துவிட்டு நேராக முனைவர் ஆய்வுக்கு வருபவர்களும் நிறைய. மூலக்கூறு உயிரியலை எங்கேயும் கற்றுக்கொள்ளலாம். கொசுவைக் கையாளக் கொசு வளர்ப்பறையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் பழைய வேலைகளைத் தேடிப் படியுங்கள். கடலூர் பக்கத்து வயல்வெளிகளில் பிடித்த கொசுக்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, அரைத்த கொசுச் சாற்றை டாக்சோரின்கைட்டிஸ் என்ற பெரிய கொசுவுக்குள் ஊசியால் ஏற்றி வளர்த்தார்கள். அந்த இனம் யாரையும் கடிக்காது. அதனால் தப்பிப் போனாலும் பயமில்லை. உருவத்திலும் பெரிது, ஊசி போடத் தோது. இருக்கிற வசதியை வைத்து அவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்.

சேருவதற்கு முன்பே வீட்டில் பழகக்கூடியது ஒன்று: நோய்த்தொற்று இல்லாத, புழுவிலிருந்து நீங்களே மூடிய வலைக்குள் வளர்த்த கொசுவை எடுத்து, கல்லூரி நுண்ணோக்கியில் ஒரு துளி உப்புநீரில் வைத்து, வயிற்றின் கடைசி வளையத்தை ஊசி முனையால் மெல்ல இழுங்கள். குடல் முழுசாக வரும், அதில் கழிவைப் பிரிக்கும் ஐந்து மால்பீஜியன் குழல்கள் தொங்கும். அப்புறம் இன்னொரு கொசுவில் தலையை மெதுவாக இழுத்தால் மும்மூன்று மடல்கள் கொண்ட உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரண்டும் வர வேண்டும். குடல் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். சுரப்பி அறுந்து அறுந்து போகும். அது அறுபடாமல் வரும்வரை பழகிவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.